6. கோச்சிங் இல்லாமல் கிளாட்

தமிழ்நாட்டில் சட்டம் படிக்க நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளிலும், அதன் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் தருகிறார்கள். நீட், ஜேஇஇ அளவுக்கு நம் ஊர்ப் பள்ளிகளில் கிளாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு பேசப்படாததற்கு இதுவே முதல் காரணம். ஆனால் பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா என்று நாடெங்கும் இருக்கிற இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போக கிளாட் எழுதியாக வேண்டும். திருச்சியை அடுத்த நவலூர் குட்டப்பட்டில் இருக்கிற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அதில் சேர்த்தி. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது.

கிளாட் பயிற்சி மையங்கள் பெருநகரங்களில்தான் அதிகம். உசிலம்பட்டியிலோ அறந்தாங்கியிலோ இருக்கிற மாணவர் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லை தானே படிக்க வேண்டும். தானே படிக்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. தைரியம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தேர்வின் அமைப்பே அப்படி இருக்கிறது.

நீட் தேர்வுக்கு முடிக்க வேண்டிய பாடம் என்று ஒன்று உண்டு. மூன்று பாடங்கள், இரண்டு வகுப்புகளின் புத்தகங்கள். அதை யாராவது வேகமாக நடத்தி முடித்துக் கொடுத்தால் லாபம்தான். கிளாட்டில் அப்படி முடிப்பதற்கு எதுவும் கிடையாது. 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கேள்வி கேட்கும் முறை அடியோடு மாறிவிட்டது. அதற்கு முன் 200 கேள்விகள். ஒற்றை வரிப் பொது அறிவும், இலத்தீன் சட்டச் சொற்களும், சொற்பொருளும் கேட்பார்கள். இப்போது 120 கேள்விகள், 120 நிமிடங்கள், எல்லாம் ஒரு பத்தியை வைத்துக் கேட்கப்படுபவை. ஒரு பத்தி சுமார் 450 சொல் வரை நீளும். அதன் கீழே ஐந்தாறு கேள்விகள் இருக்கும். நடப்பு நிகழ்வும் பொது அறிவும் 28 முதல் 32 கேள்வி, சட்டப் பகுத்தறிவு 28 முதல் 32, ஆங்கிலம் 22 முதல் 26, தர்க்கம் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய புத்தகக் கடைகளில் 'கிளாட் கைடு' என்ற பெயரில் தடித்தடியாக விற்கிறார்களே, அவற்றை வாங்குமுன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2020க்கு முந்தைய பதிப்பு என்றால் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். இலத்தீன் சொல் இருநூறை மனப்பாடம் செய்து முடித்த நிம்மதி கிடைக்கும். மதிப்பெண் கிடைக்காது.

தேர்வின் சுமை எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்திகள் மட்டும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் சொல் என்று வையுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் வாசிப்பவருக்குப் பத்திகளை முடிக்கவே 90 நிமிடம் ஆகும். மிச்சம் 30 நிமிடத்தில் 120 கேள்வி, கேள்விக்குப் பதினைந்து விநாடி. கேள்வியை வாசிக்கக்கூட அது போதாது. நிமிடத்துக்கு இருநூறு சொல் வாசிப்பவர் 45 நிமிடத்தில் பத்திகளை முடித்துவிட்டு, கேள்விக்கு 37 விநாடி வைத்துக்கொள்கிறார். இருவருடைய புத்திசாலித்தனமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனாலும் முதலாமவர் தோற்பார், இரண்டாமவருக்கு வாய்ப்பு உண்டு. இந்த வேகத்தை எந்தப் பயிற்சி மையமும் வகுப்பில் ஊட்டிவிட முடியாது. வீட்டில் தினமும் உட்கார்ந்து வாசித்தால் வரும்.

ஆங்கிலம் என்ற சுவர்

தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். வட்டார மொழிகளிலும் நடத்தச் சொல்லி 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. தேர்வை நடத்துகிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அதற்கு எளிதில் இணங்கவில்லை. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். ஆனால் வழக்கு முடியும்வரை உங்கள் பிளஸ் டூ காத்திருக்காது.

தமிழ்வழியில் படித்தவர்கள் முதலில் செய்கிற காரியம் சொற்பட்டியல் மனப்பாடம். அதைத் தள்ளிப்போடுங்கள். தனிச் சொல்லுக்குப் பொருள் கேட்கும் கேள்வி இப்போது அபூர்வம், பத்திக்குள் அந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக, ஒரே செய்தியை இரண்டு மொழியில் வாசியுங்கள். காலையில் தினமணியிலோ இந்து தமிழ் திசையிலோ ஒரு தலையங்கம். அதே விஷயம் பற்றி தி இந்துவிலோ இந்தியன் எக்ஸ்பிரஸிலோ ஒரு தலையங்கம். விவகாரம் என்ன என்று தமிழில் முன்பே தெரிந்திருப்பதால், ஆங்கிலத்தில் தெரியாத சொல் வந்தாலும் வாக்கியத்தின் போக்கிலேயே பொருள் பிடிபடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். ஒரு கட்டுரைக்கு ஐந்து சொல் என்று வரம்பு வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு மூன்று மாதத்தில் தமிழ்த் தலையங்கத்தை முதலில் வாசிப்பதை நிறுத்தி, ஆங்கிலத்தை முதலிலும் தமிழைப் பின்னாலும் மாற்றிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள், தமிழிலேயே சொன்னாலும் சரி: எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார், எதிர்த்தரப்பு என்ன சொல்லும். பதில் தடுமாறினால் கண் ஓடியிருக்கிறதே தவிர நீங்கள் வாசிக்கவில்லை. மறுபடி வாசியுங்கள். நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்பது இதற்கெல்லாம் பிறகுதான். புரியாமல் வேகமாக ஓடுவதில் பயனில்லை.

சட்டப் பகுதி: தெரிந்ததை மறக்கும் கலை

பெயரைப் பார்த்துப் பயப்படுகிற பகுதி இது. உண்மையில், சட்டமே தெரியாத பிள்ளைக்கும் விடை கிடைக்கும்படிதான் கேள்வி அமைக்கிறார்கள். பத்தியில் ஒரு விதி இருக்கும். கேள்வியில் ஒரு சம்பவம் இருக்கும். விதியைச் சம்பவத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்வது எளிது. செய்து பார்த்தால் எங்கே சறுக்கும் என்று தெரியும். ஒரு மாதிரி பார்ப்போம்.

பத்தி சொல்கிற விதி இது: ஒருவர் தன் நிலத்தில் ஆபத்தான பொருளைக் கொண்டுவந்து வைத்து, அது வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் உண்டாக்கினால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு. ஆனால் யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றத்தாலோ, மூன்றாம் நபரின் செயலாலோ அது வெளியேறியிருந்தால் பொறுப்பில்லை. (இங்கிலாந்தில் 1868இல் தீர்ப்பான ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கிலிருந்து வளர்ந்த விதி இது. பத்தியில் அந்தப் பெயர் வரலாம், வராமலும் போகலாம்.)

சம்பவம்: திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் ராமசாமி, கழிவு ரசாயனத்தைத் தன் தோட்டத்துத் தொட்டியில் தேக்கி வைத்திருக்கிறார். தொட்டி நல்ல உறுதியானது. நவம்பரில் இரண்டு நாள் பெய்த மழையில் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்துத் தோட்டத்துச் செல்வியின் கிணறு கெட்டுப்போகிறது. ராமசாமி பொறுப்பா?

'மழைக்கு அவர் என்ன செய்வார், தொட்டியையும் உறுதியாகத்தானே கட்டியிருக்கிறார்' என்று மனம் சொல்லும். பத்தியில் மனத்துக்கு வேலை இல்லை. கவனக்குறைவு தேவையில்லை என்று விதியே சொல்லிவிட்டதால், தொட்டி உறுதியா இல்லையா என்பது நம்மைத் திசைதிருப்பப் போட்ட தகவல். மிச்சம் இருப்பது மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு நாள் மழை எதிர்பார்க்க முடியாத ஒன்றா? இல்லை. எனவே விதிவிலக்கு பொருந்தாது, ராமசாமி பொறுப்பு.

அடுத்த கேள்வி: மழை இல்லை, முன்விரோதம் கொண்ட யாரோ இரவில் வந்து தொட்டியின் வால்வை உடைத்துவிட்டார்கள். இப்போது? மூன்றாம் நபரின் செயல் என்ற விதிவிலக்கு வருகிறது. பொறுப்பில்லை.

இங்கேதான் 'நிறையப் படித்த' மாணவர் விழுவார். 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது, முழுப் பொறுப்பு அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது. எம்.சி. மேத்தா வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நினைவில் வைத்திருப்பவர், 'சாயப்பட்டறை ஆபத்தான தொழில், எனவே ராமசாமி பொறுப்பு' என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவார். நீதிமன்றத்தில் அது நல்ல வாதமாக இருக்கலாம். பத்தியில் அந்த விதி இல்லாதபோது, தேர்வில் அது தவறான விடை. மூன்றாவது கேள்வியில் 'ஆபத்தான தொழிலுக்கு விதிவிலக்கு இல்லை என்று சட்டம் திருத்தப்பட்டதாகக் கொள்க' என்று ஒரு வரி சேர்த்தால் விடை மீண்டும் மாறும். விதி பத்தியிலிருந்தோ கேள்வியிலிருந்தோ வர வேண்டும், நம் தலையிலிருந்து வரக்கூடாது.

ஆங்கிலப் பத்தியில் விதியின் எலும்புக்கூடு சின்னச் சொற்களில்தான் இருக்கும். 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்', 'ஆர்', 'அண்ட்', 'மே', 'ஷால்'. முதல் வாசிப்பிலேயே இவற்றை அடிக்கோடிடுங்கள். 'அண்ட்' என்றால் இரண்டு நிபந்தனையும் நிறைவேற வேண்டும். 'ஆர்' என்றால் ஒன்று போதும். ஒரு பத்தியில் இதைக் கவனிக்காமல் விட்டால் அதன் கீழுள்ள ஐந்து கேள்வியும் வரிசையாகப் போகும்.

அப்படியென்றால் சட்டமே படிக்க வேண்டாமா? கொஞ்சம் படியுங்கள், வாசிப்பு லேசாவதற்காக. பதினொன்றாம் வகுப்பு என்சிஇஆர்டி அரசியல் அறிவியலில் அரசமைப்புச் சட்டம் பற்றிய புத்தகம் நல்ல தொடக்கம். பதின்மூன்று நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து அடிப்படைக் கட்டமைப்பை அறிவித்த 1973ஆம் ஆண்டுக் கேசவானந்த பாரதி வழக்கு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி வழக்கு போன்றவற்றின் கதை தெரிந்திருந்தால், பத்தியில் வரும்போது அந்நியமாகத் தோன்றாது. அதற்கு மேல் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது கல்லூரியில் சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

தர்க்கத்துக்குப் பட்டிமன்றம்

தர்க்கப் பகுதியில் ஒருவர் வாதம் வைப்பார். அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, எந்தத் தகவல் அதைப் பலப்படுத்தும், எது உடைக்கும் என்று கேட்பார்கள். நம்மிடம் இதற்கு இலவசப் பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் வரும் பட்டிமன்றத்தைக் கையில் காகிதத்தோடு பாருங்கள். 'அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது, விவாகரத்து குறைவு. எனவே கூட்டுக் குடும்பமே திருமணத்தைக் காப்பாற்றியது' என்று ஒருவர் முழங்கினால், கைதட்டல் அடங்குவதற்குள் அவர் சொல்லாமல் விட்ட அனுமானத்தை எழுதுங்கள். விவாகரத்து குறைந்ததற்கு வேறு காரணம் இல்லை என்பதே அது. பெண்களுக்கு அன்று சொந்த வருமானம் இல்லை என்ற ஒரு தகவல் போதும், வாதம் ஆட்டம் காணும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால், ஜிமேட் தேர்வுக்கான வாத ஆய்வுக் கேள்விகளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கிளாட்டை விடச் சற்றுக் கடினம், ஆனால் ஒரே குடும்பம்.

நடப்பு நிகழ்வுப் பகுதியில் மட்டும் பத்தி பெரும்பாலும் கைகொடுக்காது. பத்தி தலைப்பைச் சொல்லும், கேள்வி அதைச் சுற்றி வெளியே கேட்கும். எனவே தேதிவாரியாகக் குறிப்பெடுப்பதை விட ஒரு விவகாரத்துக்கு ஒரு பக்கம் என்று வைப்பது நல்லது. உதாரணமாகப் புதிய குற்றவியல் சட்டங்கள்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறை, 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, 511 பிரிவுகள் 358 ஆயின, 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்கும் பதிலாக வந்தவை, நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாதம், எழுந்த எதிர்ப்பு. ஒரு பக்கம் போதும். வாரத்துக்கு நான்கைந்து பக்கம் சேர்ந்தால் தேர்வு நேரத்தில் கையில் ஒரு நல்ல நோட்டு இருக்கும். பிறர் தயாரித்த மாதாந்திரத் தொகுப்புகளைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். எழுதியவருக்குத்தான் நினைவில் நிற்கும்.

கணக்கு பத்தாம் வகுப்புத் தரம். விகிதம், சதவீதம், சராசரி, அட்டவணை வாசிப்பு. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் இதிலேயே உட்கார்ந்து சுகம் காண்பது வழக்கம்; மொத்தமே பன்னிரண்டு மதிப்பெண் சொச்சம்.

மாதிரித் தேர்வு

தானே படிப்பவருக்கு ஆசிரியர் இல்லாத குறையை மாதிரித் தேர்வு தீர்த்துவைக்கும், ஒழுங்காகப் பயன்படுத்தினால். கூட்டமைப்பின் இணையதளத்தில் 2020 முதலான முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் கிடைக்கின்றன. முதல் வேலையாக அவற்றைத் தீர்த்துவிடாதீர்கள். இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கடைசி இரண்டு மாதத்துக்கு வையுங்கள். அசல் தாளுக்கு ஈடாக எந்த நிறுவனத்தின் மாதிரித் தாளும் வராது.

எழுதும் நேரமும் முக்கியம். சமீப ஆண்டுகளில் தேர்வு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையில், பிற்பகல் 2 முதல் 4 வரை நடக்கிறது. சாப்பிட்ட பின் கண் சொருகுகிற நேரம். விடியற்காலையில் எழுந்து மாதிரித் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு அன்று அதிர்ச்சி காத்திருக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கே உட்காருங்கள். ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து, பால்பாயின்ட் பேனாவால் வட்டம் நிரப்புங்கள். 120 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்று செல்போனில் விடையைத் தட்டிப் பழகியவருக்குத் தெரியாது. ஒரு பத்தி முடிந்ததும் அதன் விடைகளை நிரப்பிவிடுவது பாதுகாப்பு. கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் ஒரு வரிசை தவறினாலும் எல்லாம் தவறும்.

எழுதிய இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் அலசல் வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வதும் சோர்வதும் அலசல் அல்ல. தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 'தெரியவில்லை' என்று எழுதித் தப்பிக்கக்கூடாது. 'இரண்டாம் பத்தியில் அன்லெஸ் என்பதைக் கவனிக்கவில்லை', 'ஆசிரியர் கருத்தையும் அவர் மறுக்கிற கருத்தையும் குழப்பிவிட்டேன்', 'இரண்டு விடையில் சரியானதை விட்டுத் தீவிரமான சொல் இருந்ததைத் தேர்ந்தேன்' என்று எழுத வேண்டும். சரியாகப் போட்டாலும் ஊகித்துப் போட்டவற்றையும் சேருங்கள். நாலைந்து தேர்வுக்குப் பின் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரே மாதிரியான தவறு மீண்டும் மீண்டும் வந்திருப்பது தெரியும். அடுத்த வாரப் படிப்பை அந்தத் தவறு தீர்மானிக்கட்டும்.

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இதைச் சொல்லி 'தெரியாவிட்டால் விட்டுவிடு' என்று பயமுறுத்துவார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. நான்கு விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், சராசரியில் பதினாறு கேள்விக்கு ஒரு மதிப்பெண் லாபம், நஷ்டம் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் ஆறு கேள்விக்கு ஒரு மதிப்பெண். இரண்டை நீக்க முடிந்தால் எட்டு கேள்விக்கு மூன்று. எனவே இரண்டு விடைக்கு இடையில் ஊசலாடுகிற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். ஊசலாட்டத்துக்கு இரண்டு நிமிடம் செலவழிப்பதுதான் உண்மையான நஷ்டம்.

நாட்காட்டி

பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினால் ஏழெட்டு மாதம் கிடைக்கும். ஜூன் வரை வாசிப்பு மட்டும். பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பயிற்சி. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வாரம் ஒரு மாதிரித் தேர்வு, நவம்பரில் வாரம் இரண்டு. டிசம்பரில் சிக்கல் இருக்கிறது: அரையாண்டுத் தேர்வும் கிளாட்டும் முட்டிக்கொள்ளும். வகுப்பாசிரியரிடம் அக்டோபரிலேயே சொல்லிவிடுவது நல்லது. அரையாண்டில் பத்து மதிப்பெண் குறைந்தால் வீட்டில் பூகம்பம் வரும் என்றால், அம்மா அப்பாவிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

விண்ணப்பம் ஜூலையிலோ ஆகஸ்டிலோ திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் முடிவதே அண்மைக்கால வழக்கம். பிளஸ் டூவில் 45 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. வயது வரம்பு இல்லை. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு 3,500. சலுகையென்று சொல்ல முடியாத சலுகை. வசதியில்லாத மாணவர்களைச் சட்டப் பள்ளிக்குக் கொண்டுவரவென்றே சட்டப் பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா என்ற அமைப்பு, அவர் 2019இல் மறைந்த பின்னும் இலவசப் பயிற்சி தந்து வருகிறது. பணம் தடையாக இருப்பவர்கள் கோடையிலேயே அவர்களை அணுகிவிடுங்கள்.

தேர்வு முடிந்ததும் கேள்வித்தாளில் நீங்கள் நிரப்பிய விடைகளைக் குறித்துவைத்து, தற்காலிக விடைக்குறிப்பு வெளியானவுடன் சரிபாருங்கள். விடைக்குறிப்பிலும் பிழை வரும். 2025ஆம் ஆண்டுத் தேர்வின் விடைகள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பல கேள்விகளின் மதிப்பெண் மாறியது. ஆட்சேபம் தெரிவிக்க சில நாள்தான் அவகாசம், ஒரு கேள்விக்கு ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும்; ஆட்சேபம் ஏற்கப்பட்டால் பணம் திரும்பும். பத்தியின் எந்த வரி உங்கள் விடைக்கு ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் கட்டுங்கள், முடியாவிட்டால் அந்த ஆயிரத்தைக் கலந்தாய்வுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.